சூழலுக்கு ஒரு பிப்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் 2019-இல் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைதான் மொழியை மையமாகக் கொண்டது. அதில் வரைபடங்களை உருவாக்க உதவும் மேட்பிளாட்லிப் என்னும் நிரல் நூலகத்தைக் கணினியில் நிறுவும் முறை சொல்லப்படும் இடத்தில் பிப் என்னும் சிறு கருவி மாணவருக்கு அறிமுகமாகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டை போன்ற பேரூராட்சி ஒன்றில் கணினி அறிவியலைப் பாடமாக எடுத்த மாணவருக்கும், சென்னையிலோ சிங்கப்பூரிலோ மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குபவருக்கும் பிப் ஒன்றுதான். இருவரும் ஒரே களஞ்சியத்திலிருந்துதான் இறக்குகிறார்கள். இருவரையும் ஒரே குழப்பம்தான் வழிமறிக்கிறது. பிப்பைப் புதுப்பித்தாயிற்று என்று நினைத்திருக்கும் வேளையில், அதே கணினியில் வேறொரு கோப்புறைக்குள் வேலையைத் தொடங்கியதும் பழைய பிப் தலைகாட்டி, புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பித்துக்கொள்ளவும் என்று மறுபடியும் கேட்கிறது. கணினி பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டும் இடம் இது. உண்மையில் அங்கே எதுவும் பழுதாகவில்லை, பிப் அப்படி நடந்துகொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

பொதி என்பது ஒருவர் எழுதி முடித்த நிரல்களோடு, அவற்றின் பதிப்பு எண், அவை இயங்குவதற்கு வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்னும் சார்பு விவரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒற்றைக் கோப்பு. பைதான் உலகில் அந்தக் கட்டுக்கு இன்று வழங்கும் வடிவத்தின் பெயர் வீல். அது பெயர் மாற்றிய ஜிப் கோப்பே என்பதால், விரும்புபவர் அதைப் பிரித்துப் பார்த்து உள்ளே இருப்பவற்றைப் படிக்கவும் முடியும். இத்தகைய பொதிகள் 2003 முதல் இயங்கிவரும் பைபிஐ என்னும் பொதுக் களஞ்சியத்தில் இன்று 5 லட்சத்துக்கும் மேல் குவிந்திருக்கின்றன. கேட்ட பொதியை அங்கிருந்து இறக்கி, அதன் சார்புகளைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் உரிய கோப்புறையில் வைத்து, பின்னாளில் நீக்கச் சொன்னால் எதையெல்லாம் நீக்கவேண்டும் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும் கருவியே பொதி மேலாளர். பைதானின் பொதி மேலாளர் பிப். டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் இயங்குதளங்களின் பொதி மேலாளர் ஏபிடி. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு என்பிஎம். பெயர்கள் வேறானாலும் தொழில் ஒன்றே.

இந்த மேலாளர்கள் ஏன் தேவைப்படுகிறார்கள், ஒரே பொதியின் பல பதிப்புகள் ஏன் மோதுகின்றன என்பதை மணலூர்பேட்டை என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டே காட்டலாம். இந்தப் பெயரின் நீளம் என்ன என்று பைதானிடம் கேட்டால், கேட்கப்படும் பைதானைப் பொறுத்து விடை மாறுகிறது. பைதான் 2 இதைச் சாதாரணச் சரமாக எடுத்துக்கொண்டு, யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் வீதம் எண்ணி 36 என்று சொல்லும். பைதான் 3 பைட்டுகளை விட்டுவிட்டு யூனிகோடு குறியீடுகளை எண்ணும். யூனிகோடில் லூ என்பது லகரம் ஒன்று, ஊகாரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும், ர் என்பது ரகரமும் புள்ளியுமாகவும் பிரிந்திருப்பதால் விடை 12 ஆகும். தமிழ் படித்த எவருக்கும் ம, ண, லூ, ர், பே, ட், டை என்று எழுத்து 7 மட்டுமே. அந்த ஏழைப் பெறவேண்டுமானால் முத்தையா அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய ஓப்பன்-தமிழ் போன்ற ஒரு பொதியைப் பிப் வழியாக நிறுவி, எழுத்துகளைப் பிரித்துத் தரும் அதன் செயற்கூறை அழைக்க வேண்டியிருக்கிறது.

36, 12, 7 ஆகிய மூன்று விடைகளும் மூன்று சூழ்நிலைகளிலிருந்து வருகின்றன என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டுவிட்டாலும், அதற்கு முன் அந்த மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் மறுநாளே காணாமல் போய்விடவில்லை; நீளம் 36 என்று வரும் என எதிர்பார்த்து எழுதிய நிரலைப் பைதான் 3-இல் ஓட்டினால் அது தவறாகவே நடக்கும். பொதிகளின் நிலையும் இதுவே. ஒரு பைதான் நிறுவலுக்குள் ஒரு பொதியின் ஒரு பதிப்பே இருக்க முடியும். பள்ளிச் செயல்திட்டம் ஒன்றுக்கு மேட்பிளாட்லிப்பின் பழைய பதிப்பும், கல்லூரி ஆய்வு ஒன்றுக்குப் புதிய பதிப்பும் வேண்டுமென்றால் ஒன்றை நிறுவும்போது மற்றொன்று அழிக்கப்படும். அழிக்கப்பட்டதை நம்பியிருந்த நிரல் அடுத்த முறை ஓடும்போது நின்றுவிடும்.

இந்த மோதலைத் தவிர்க்க இயன் பிக்கிங் 2007-இல் எழுதியதே வர்ச்சுவல்என்வ் என்னும் கருவி. அடுத்த ஆண்டில் பிப்பை எழுதியவரும் அவரே என்பதால், இவ்விரண்டையும் உடன்பிறப்புகள் என்றே கொள்ளலாம். மெய்நிகர் சூழல் என்று தமிழில் வழங்கும் இந்த ஏற்பாடு, ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே தனி அடுப்பு வைத்துக்கொள்ளும் தனிக்குடித்தனத்தைப் போன்றது. கூரையும் கிணறும் பொது, பாத்திரம் பண்டம் எல்லாம் அவரவருடையது. 2012-இல் வெளிவந்த பைதான் 3.3 முதல் இந்த ஏற்பாடு வென்வ் என்னும் பெயரில் மொழியோடு சேர்ந்தே வருகிறது. 2014-இல் வந்த பைதான் 3.4, என்ஷூர்பிப் என்னும் கூறின் வழியாகப் பிப்பின் ஒரு பிரதியையும் மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டதால், புதிதாகத் திறக்கப்படும் ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு பிப் தானாகவே கிடைக்கலாயிற்று.

சூழல் என்றதும் ஏதோ கண்ணுக்குத் தெரியாத மாயம் என்று கருதத் தேவையில்லை. அது ஒரு சாதாரணக் கோப்புறை. அதைத் திறந்து பார்த்தால் வேரில் பைவென்வ்.சிஎஃப்ஜி என்னும் சில வரிக் கோப்பு இருக்கும். எந்தப் பைதானை வைத்து இந்தச் சூழல் உருவானது, கணினியின் பொதுப் பொதிகளை இங்கே காட்டலாமா கூடாதா என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் பின் என்றும் விண்டோஸில் ஸ்கிரிப்ட்ஸ் என்றும் பெயர் கொண்ட துணைக் கோப்புறையில் பைதானும் பிப்பும் இருக்கும். லினக்ஸில் அங்கே காணப்படும் பைதான் பெரும்பாலும் உண்மையான பைதானைச் சுட்டும் இணைப்பு மட்டுமே, ஆனால் பிப்போ முழுப் பிரதி. சைட்-பேக்கேஜஸ் என்னும் இன்னொரு கோப்புறையில் நிறுவப்பட்ட பொதிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பிப்பின் நிரல்களும் அங்கேயே, மற்றப் பொதிகளோடு பொதியாகக் கிடக்கும். பின் கோப்புறையில் உள்ள பிப் என்னும் சிறு கோப்பை உரைத்தொகுப்பி ஒன்றில் திறந்தால், அதன் முதல் வரியில் இந்தச் சூழலுக்குரிய பைதான் எங்கே இருக்கிறது என்னும் முழு முகவரி எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சூழல் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ அதன் பெயரை மாற்றினாலோ பிப் இயங்க மறுப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

சூழலைச் செயல்படுத்துதல் என்று சொல்லப்படும் செயலும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கட்டளை ஒன்றைத் தட்டியதும் அதை எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று இயங்குதளம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. செயல்படுத்தும்போது அந்தப் பட்டியலின் தலையில் சூழலின் பின் கோப்புறை சேர்க்கப்படுகிறது, அவ்வளவே. ஆகவே பிப் என்று வெறுமனே தட்டினால் ஓடப்போவது எந்தப் பிப் என்பது அந்த நொடியில் அந்த முனையத்தின் பட்டியலில் எது முதலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்திலேயே திறந்திருக்கும் இன்னொரு முனையத்தில் அதே சொல்லைத் தட்டினால் வேறொரு பிப் ஓடலாம். இந்த ஐயத்துக்கு இடம் கொடாமல் இருக்கவே அனுபவம் உள்ளவர்கள் பிப் என்று தொடங்காமல் 'பைதான் -எம் பிப்' என்று தொடங்குகிறார்கள். இந்தப் பைதானுக்குள் இருக்கும் பிப்பை ஓட்டு என்பது அதன் பொருளாதலால், புதுப்பிக்கப்படுவது எது என்பதில் குழப்பம் வருவதில்லை.

ஒரே ஒரு பிப்பை வெளியே வைத்துக்கொண்டு எல்லாச் சூழல்களையும் அதைக்கொண்டே நிர்வகித்திருக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானதே. பிப் தன்னை ஓட்டிக்கொண்டிருக்கும் பைதானிடமே நீ எங்கே இருக்கிறாய், உன் பொதிகள் எங்கே என்று கேட்டு, கிடைத்த விடையை வைத்து நிறுவும் இடத்தைத் தீர்மானிக்கிறது. எந்தச் சூழலுக்குள் ஓடுகிறதோ அந்தச் சூழலே அதன் உலகம். இந்த எளிமைக்குக் கொடுக்கும் விலைதான் சூழலுக்கு ஒரு பிரதி. வீல் வடிவில் ஒரு பிப்பின் அளவு ஏறத்தாழ 2 மெகாபைட். விரித்து நிறுவினால் அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். பத்துச் சூழல்கள் இருந்தால் பத்துப் பிரதிகள். கோண்டா என்னும் இன்னொரு பொதி மேலாளர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அது பேஸ் என்னும் தாய்ச்சூழலில் இருந்துகொண்டு மற்றச் சூழல்களை வெளியிலிருந்தே நிர்வகிப்பதால் அதை ஓரிடத்தில் புதுப்பித்தால் போதும். பிப்பும் 2022 அக்டோபரில் வந்த 22.3-ஆம் பதிப்பு முதல், வேறொரு சூழலின் பைதானைச் சுட்டிக்காட்டினால் அந்தச் சூழலுக்குள் நிறுவித் தரும் வசதியைப் பெற்றிருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்ட யுவி என்னும் கருவி, சூழலுக்குள் பிப்பே இல்லாமல் இயங்கக் கூடியது. காலப்போக்கில் வெளியிலிருந்து நிர்வகிக்கும் முறையே நிலைபெறும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. ஆனாலும் பாடநூலும் பயிற்சிக்கூடமும் பிப்பை விடும் நாள் அருகில் இல்லை.

புதிய பதிப்பு வந்திருக்கிறது என்னும் அறிவிப்பு எப்படி எழுகிறது என்பதை அறிந்தால் குழப்பத்தின் பாதி விலகிவிடும். எதையேனும் நிறுவும்போது பிப் களஞ்சியத்தைப் பார்த்து, தன் பதிப்பைவிடப் புதியது இருந்தால் சொல்கிறது; ஒவ்வொரு முறையும் களஞ்சியத்தைத் தொந்தரவு செய்யாமல் வாரத்துக்கு ஒருமுறை பார்த்ததைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைச் சூழலுக்குச் சூழல் தனித்தனியாக வைத்திருப்பதால், ஒரு சூழலில் அறிவிப்பைக் கேட்டுப் புதுப்பித்துவிட்ட செய்தி இன்னொரு சூழலின் பிப்புக்குத் தெரியவராது. ஏபிடி நிறுவிய பிப்போ இந்த அறிவிப்பைச் சொல்வதே இல்லை, ஏனென்றால் தன்னை நிறுவியது யார் என்னும் குறிப்பு ஒவ்வொரு பொதியோடும் இருக்கிறது. அதில் பிப் என்று இல்லாவிட்டால், புதுப்பிக்கும் பொறுப்பு தன்னுடையதன்று என்று பிப் வாய் மூடிக்கொள்கிறது. இதைக் காட்டிலும் பலரைத் திகைக்க வைப்பது இன்னொன்று. பிப்பைப் புதுப்பித்த கையோடு புதிய சூழல் ஒன்றைத் திறந்தால் அதில் பழைய பிப்பே வந்து உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் வென்வ் புதிய சூழலுக்கு எடுத்து வைப்பது பைதான் வெளிவந்த நாளில் அதனோடு சேர்த்துக் கட்டப்பட்ட பிப்பை. எடுத்துக்காட்டாக, பைதான் 3.8.0 தன்னுள் வைத்திருந்தது 19.2.3. அதன் பின் உலகில் எத்தனை பிப்கள் வந்திருந்தாலும் அந்தப் பைதானிலிருந்து பிறக்கும் சூழல் அந்தப் பதிப்போடுதான் பிறக்கும். 2020 அக்டோபரில் வந்த பைதான் 3.9, சூழலைத் திறக்கும்போதே களஞ்சியத்திலிருந்து புதிய பிப்பை எடுத்து வைக்கும் அப்கிரேட்-டெப்ஸ் என்னும் விருப்பத்தை வென்வுக்குக் கொடுத்தது.

பழைய பிப்போடு காலம் தள்ளக் கூடாதா என்றால், பெரும்பாலும் தள்ளலாம். தள்ள முடியாத நாள் அறிவிப்பில்லாமல் வரும் என்பதே சிக்கல். 2021 பிப்ரவரியில் கிரிப்டோகிராஃபி என்னும் புகழ்பெற்ற பொதியின் 3.4-ஆம் பதிப்பு வெளிவந்தது. அதன் ஒரு பகுதியை ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஆயினும் தொகுத்து முடித்த வீல் கோப்புகளையும் களஞ்சியத்தில் வைத்திருந்ததால், பயனருக்கு ரஸ்ட் தேவைப்பட்டிருக்கக் கூடாது. பழைய பிப்களுக்கோ அந்த வீல்களின் புதிய அடையாளக் குறி புரியவில்லை. புரியாததைத் தனக்கு உரியதன்று என்று ஒதுக்கிவிட்டு மூலநிரலை இறக்கி, அதைத் தொகுக்க முயன்று, ரஸ்ட் தொகுப்பி இல்லை என்று விழுந்தன. ரஸ்ட் என்ற பெயரையே கேட்டறியாதவர்கள் அதை எங்கே தேடுவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, பொதியை எழுதியவர்கள் சொன்ன முதல் தீர்வு பிப்பைப் புதுப்பிக்கவும் என்பதே. பிழைச் செய்தி சுட்டும் இடம் ஒன்றாகவும் நோய் இருக்கும் இடம் வேறாகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

புதுப்பித்தலே கேட்டைக் கொண்டுவந்த நிகழ்வுகளும் உண்டு. அவற்றுள் இரண்டை விரிவாகச் சொல்லவேண்டும். முதலாவது 2018 ஏப்ரலில் நிகழ்ந்தது. அம்மாதம் வெளிவந்த பிப் 10, தன் உள்ளுறுப்புகளைப் பிறர் தொடாதபடி இடம் மாற்றி வைத்துக்கொண்டது. உபுண்டுவிலும் டெபியனிலும் ஏபிடி நிறுவிய பிப் என்னும் கட்டளைக் கோப்போ, அந்த உள்ளுறுப்புகளில் மெயின் என்னும் ஒன்றைப் பழைய இடத்தில் தேடும்படி எழுதப்பட்டிருந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்னும் அறிவிப்பை எங்கோ ஒரு சூழலில் பார்த்தவர், ஏபிடியைக் கேளாமல் பிப்பைக் கொண்டே கணினியின் பொதுப் பிப்பைப் புதுப்பித்தபோது, நிரல்கள் புதியனவாகவும் கட்டளைக் கோப்பு பழையதாகவும் நின்றன; அடுத்த முறை பிப் என்று தட்டியதும் மெயின் என்னும் பெயரை இறக்குமதி செய்ய முடியவில்லை என்னும் பிழை மட்டுமே மிஞ்சியது. உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் இதில் சிக்கின. ஒரே கோப்புகளுக்கு இரண்டு மேலாளர்கள் உரிமை கொண்டாடியதே இதன் மூலகாரணம். இருவரில் எவர் மீதும் தனியாகக் குற்றம் சொல்வதற்கில்லை.

இரண்டாவது 2021 ஜனவரியில் நிகழ்ந்தது. அம்மாதம் வெளிவந்த பிப் 21.0, பைதான் 2.7-க்கும் 3.5-க்குமான ஆதரவை முற்றாக விலக்கிக்கொண்டது. எந்தப் பைதானுக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்னும் விவரம் ஒவ்வொரு பொதியோடும் களஞ்சியத்தில் எழுதப்பட்டே இருக்கிறது; அதைப் படித்துப் பார்த்து நடக்கும் அறிவு பிப்புக்கு 9-ஆம் பதிப்பில்தான் வந்தது. உபுண்டு 16.04 கொண்டிருந்ததோ பிப் 8.1.1. அதைப் பயன்படுத்திப் பிப்பைப் புதுப்பித்தவர்களின் கணினியில், அந்த விவரத்தைப் படிக்கத் தெரியாத பழைய பிப், தன் பைதானுக்குச் சற்றும் பொருந்தாத 21-ஆம் பதிப்பை இறக்கித் தன்னிடத்தில் வைத்துவிட்டு மறைந்தது. வந்து அமர்ந்ததோ அந்தப் பைதானுக்குப் புரியாத இலக்கணத்தில் எழுதப்பட்டிருந்ததால் முதல் வரிகளிலேயே தொடரமைப்புப் பிழை என்று நின்றது. இப்போது புதிய பிப்பை நீக்கிப் பழையதை நிறுவலாம் என்றால் அதைச் செய்யவும் ஒரு பிப் வேண்டும். தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் எந்தக் கருவிக்கும் உள்ள இயல்பான வரம்பு இது: அடுத்து வருவது எது என்று தீர்மானிக்கும் வேலை, அறிவு குறைந்த பழைய பதிப்பின் கையில்தான் இருக்கிறது.

எல்லாச் சூழல்களிலும் ஒரே பிப் பதிப்பு இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதும் இதனாலேயே வீண். பைதான் 2.7 இருக்கும் சூழலுக்குக் கடைசிப் பிப் 20.3.4, பைதான் 3.6 இருக்கும் சூழலுக்குக் கடைசிப் பிப் 21.3.1, இவற்றைத் தாண்டிப் போகச் சொன்னால் மறுப்பதுதான் நல்ல பிப்புக்கு அழகு. சூழல்கள் பிரிந்திருப்பதன் பயனை அனுபவித்துக்கொண்டே அவை ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்று கேட்பது பொருந்தாது.

கணினியின் பொதுப் பைதானைப் பற்றிய விதி இதைவிடக் கண்டிப்பானது, அந்தக் கண்டிப்பு தமிழ்நாட்டுக்கு நெருங்கிய தொடர்புடையதும் கூட. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் இயங்குதளம் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்த்து வழங்கப்பட்டதால், லினக்ஸ் என்பதை முதன்முதலாக அந்தத் திரையில் கண்ட மாணவர் பலர். இத்தகைய இயங்குதளங்களில் இயங்குதளத்தின் கருவிகள் சிலவே பைதானில் எழுதப்பட்டிருப்பதால், பொதுப் பைதானின் பொதிகளைப் பிப் மாற்றினால் பாதிக்கப்படுவது பயனரின் நிரல் மட்டும் அன்று. 2018-இல் பட்ட அனுபவங்களுக்குப் பிறகு பைதான் சமூகம் வகுத்த பெப் 668 என்னும் விதிமுறையை 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 ஏற்றுக்கொண்டது. பொதுப் பைதானின் கோப்புறையில், இது வெளியாரால் நிர்வகிக்கப்படுகிறது என்று அறிவிக்கும் ஒரு கோப்பு வைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் பிப் எதையும் நிறுவ மறுத்து, சூழல் ஒன்றைத் திறந்து அதற்குள் நிறுவுமாறு சொல்லும். மீறி நிறுவ விரும்புபவருக்கென ஒரு விருப்பம் இருக்கிறது. அதன் பெயரே பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ். தன் பெயரிலேயே எச்சரிக்கையைச் சுமக்கும் அத்தகைய விருப்பத்தை, இணையத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து அப்படியே தட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஆகவே நடைமுறை இவ்வாறு அமைகிறது. இயங்குதளத்தின் பிப் ஏபிடிக்கு உரியது. ஏபிடி புதுப்பிக்கும்போது புதுப்பிக்கப்படட்டும் என்று விட்டுவிடுவதே முறை. சூழலுக்குள் இருக்கும் பிப்பை அந்தச் சூழலின் பைதானைக் கொண்டு, 'பைதான் -எம் பிப் இன்ஸ்டால் --அப்கிரேட் பிப்' என்று புதுப்பிக்க வேண்டும். விண்டோஸில் இந்த வடிவம் வசதிக்கு மட்டும் அன்று, கட்டாயமும் கூட, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பிப்.ஈஎக்ஸ்ஈ என்னும் கோப்பை அதுவே மாற்றி எழுத விண்டோஸ் விடாது. பல சூழல்களை ஒரே மூச்சில் புதுப்பிக்க விரும்புபவர், வென்வ் உருவாக்கிய ஒவ்வொரு சூழலின் வேரிலும் பைவென்வ்.சிஎஃப்ஜி தவறாமல் இருக்கும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்; கணினியில் அந்தப் பெயருள்ள கோப்புகளைத் தேடி, கிடைத்த ஒவ்வொரு கோப்புறையின் பைதானையும் வரிசையாக அழைத்து மேற்கண்ட கட்டளையைக் கொடுக்கும் நிரல் சில வரிகளில் முடிந்துவிடும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை ஊர்களைப் போல இணையத் தொடர்பு சீராக இல்லாத இடங்களில், இதே வேலையைக் குறைந்த இறக்கத்தில் செய்யப் பிப்பே வழி வைத்திருக்கிறது. ஒருமுறை இறக்கிய வீலைப் பிப் பயனரின் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்வதால், அதே கணினியின் இரண்டாம் சூழலைப் புதுப்பிக்கும்போது முழுக் கோப்பையும் திரும்ப இறக்குவதில்லை. தொடர்பு நன்றாக உள்ள ஓரிடத்தில் வேண்டிய பொதிகளை எல்லாம் ஒரு கோப்புறையில் இறக்கி, பென் டிரைவில் எடுத்துச் சென்று, களஞ்சியத்தைப் பாராமல் இந்தக் கோப்புறையிலிருந்து மட்டும் நிறுவு என்று பிப்பிடம் சொல்லவும் முடியும்; ஒரே அறையில் முப்பது கணினிகள் உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு இதுவே சிறந்த வழி. இறக்கும் கணினியின் பைதான் பதிப்பும் இயங்குதளமும் நிறுவப்போகும் கணினிகளோடு ஒத்திருக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இத்தகைய நுணுக்கங்களைக் கற்றுத்தருவதில் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வ அமைப்புகள் இப்பகுதி மாணவர்களுக்குப் பெருந்துணை; பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்லி முடிப்பது உட்கார்ந்து செய்து பார்க்கையில் பல மணி நேரம் பிடிக்கும் வேலையாயிற்றே.

இவ்வளவும் சொன்ன பிறகு, சூழல்களைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது நல்ல பழக்கம் என்று எவரும் கருதிவிடலாகாது. வேலை செய்துகொண்டிருக்கும் சூழலின் பிப், அறிவிப்பு வந்தது என்பதற்காக மட்டும் புதுப்பிக்கப்பட வேண்டியதில்லை. பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டிருக்கும்போதும், புதிய பொதி ஒன்றைப் பழைய பிப் மறுக்கும்போதும் புதுப்பித்தால் போதுமானது. இரண்டு மூன்று ஆண்டுகள் பழையதாகிவிட்ட சூழலைப் பொறுத்தவரை, அதைப் பழுதுபார்ப்பதைவிட, அதிலுள்ள பொதிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிய சூழல் ஒன்றைத் திறந்து, பட்டியலிலிருந்து மீண்டும் நிறுவுவதே விரைவானதும் பிழை குறைந்ததுமான வழி. பட்டியலைத் தருவது பிப் ஃபிரீஸ் என்னும் கட்டளை. ஒவ்வொரு பொதியின் பெயரையும் பதிப்பையும் அது வரிக்கு ஒன்றாக எழுதித் தருகிறது. அந்தப் பட்டியலில் பிப் இயல்பாக இடம்பெறுவதில்லை, அனைத்தையும் காட்டு என்று தனியாகக் கேட்டால்தான் வரும். ஆகவே சூழல் ஒன்றைப் பின்னாளில் அதேபடி அமைக்க நினைக்கும் வாசகர், பைதானின் பதிப்பையும் பிப்பின் பதிப்பையும் அந்தக் கோப்பின் முதல் வரியில் குறிப்பாகக் கையால் எழுதி வைக்கவேண்டும்.